செய்யாத களவுக்கு மன்னிப்பு

என்ரை மனுசன் பேரின்பநாதன் ஊரிலை பருத்தித்துறை டிப்போவிலை ரிக்கற் செக்கரா இருந்தவர். இதை முதல்லையே சொல்லிப்போடவேணும், ஏனெண்டா அந்த ஆளிட்டை உள்ள மற்றதெல்லாம் அதிலையிருந்து முளைச்சதுதான். வயசு அறுபத்துமூண்டு. மொன்றியலுக்கு வந்து இருபத்தெட்டு வருசம். இன்னும் பஸ்ஸிலை ஏறினா, இருக்கிற சனத்தின்ரை முகத்தை வரிசையா ஒருக்காப் பாத்துப்போட்டுத்தான் தான் இருப்பார். ஆர் காசு கட்டினது, ஆர் கட்டேல்லை எண்டு முகத்திலையே தெரியுமாம்.

எங்களுக்குக் கலியாணம் பேசி மூண்டாம் கிழமை, யாழ்ப்பாணம் போற பஸ்ஸிலை ரிக்கற் இல்லாத ஒரு பெரிய மனிசனை இவர் பிடிச்சார். அது என்ரை அப்பா. அப்பா ரிக்கற் எடுத்தவர்தான், சுருட்டுப் பத்திற யோசினையிலை அதை எங்கையோ விட்டிட்டார். "தம்பி, நான் உமக்கு மாமாவா வரப்போறவன்" எண்டு அப்பா குனிஞ்சு மெதுவாச் சொல்ல, "ஓம் மாமா, முழுப்பேரைச் சொல்லுங்கோ" எண்டு கேட்டுத் தண்டம் எழுதினவர் இவர். அப்பா பாவம், தண்டத்தையும் கட்டிப் பொம்பிளையையும் குடுத்தார். முப்பத்தாறு வருசமா நான் இதைச் சொல்லிக்காட்டாத கிழமை இல்லை. கறிக்கு உப்புக் கூடிப்போச்சு எண்டு அவர் வாய் திறந்தாலே, "என்ரை அப்பருக்குத் தண்டம் எழுதின ஆளெல்லே" எண்டு தொடங்கிவிடுவன்.

அப்பிடிப்பட்ட ஆள் போய்ச் சேர்ந்த இடம் மெனோனைற் எண்ட கிறிஸ்தவச் சபை. குதிரை வண்டிலும் கறுத்தத் தொப்பியும் எண்டு நினைச்சுப்போடாதேங்கோ. அப்பிடியானவையும் வேறை இடங்களிலை இருக்கினமாம். இஞ்சை சென்ட் லோரன்ட்டிலை இருக்கிறவை மெற்றோவிலை போறவை, எங்களைப்போலை விலை குறைச்ச நாளிலை கோழி வாங்கிறவை. போதகரை விட்டு மொத்தம் இருபத்திரண்டு பேர். முந்தித் தளபாடக் கடையா இருந்த ஒரு கட்டடத்திலை கும்பிடுகினம். யுத்தத்துக்குப் போகமாட்டினம், சத்தியம் பண்ணமாட்டினம், ஒருத்தரோடையும் சண்டை பிடிக்கமாட்டினம். இவருக்கோ சண்டை இல்லாட்டிச் சாப்பாடு செமிக்காது.

நாங்கள் வந்த முதல் குளிருக்குக் கோட்டு வாங்கத்தான் அங்கை போனது. கோட்டுக் குடுத்தவையளின்ரை பாட்டுப் புத்தகங்களுக்கு நம்பர் கிடந்தது, ஆனா அடுக்கினது தாறுமாறு. இவர் கோட்டையும் போடாமல் அவ்வளவு புத்தகத்தையும் நம்பர் வரிசையா அடுக்கிப்போட்டு வந்தார். பேந்து துறைமுகப் பக்கம் வேர்ஹவுஸிலை இருபது வருசம் வேலை செய்து முதுகு போனபிறகு, அவையே கூப்பிட்டுக் கட்டடத்தைப் பாக்கிற வேலையைக் குடுத்திச்சினம். பேரின்பநாதன் எண்ட பேர் அவையின்ரை வாயிலை நுழையேல்லை, "பெரி" எண்டு வைச்சிட்டினம். வெள்ளிக்கிழமை முருகன் கோயில், ஞாயிற்றுக்கிழமை மெனோனைற். ரண்டிடத்திலையும் செருப்பை ஒழுங்கா வைக்கச் சொல்லிச் சனத்தோடை கொளுவிறது இவர்தான்.

இனிப் போர்வைக் கதைக்கு வாறன். ஒவ்வொரு வருசமும் சபைப் பொம்பிளையள் குளிர்காலம் முழுக்கக் கூடியிருந்து, துண்டுத் துணியளைப் பொருத்தி ஒரு பெரிய போர்வை தைப்பினம். பங்குனி மாசம் அதை ஏலத்திலை வித்து, இல்லாத சனத்துக்கு அனுப்பிறது. தையலுக்குத் தலைவி அகத்தா பென்னர் எண்ட மனுசி, எழுபத்திநாலு வயசு, கதவு நிலை இடிக்கிற உயரம். போன குளிருக்கு இவர் பேஸ்மென்ற் கூட்டப் போனவர், அகத்தாவின்ரை தையலைப் பாத்து "கோணலாக் கிடக்கு" எண்டிருக்கிறார். அகத்தா கோவிக்கேல்லை. ஊசியைக் கையிலை குடுத்து, பக்கத்துக் கதிரையை இழுத்து விட்டா. ரிக்கற்றிலை ஓட்டை குத்தின கையெல்லோ, ஒரு இஞ்சுக்குப் பதினொரு தையல் போட்டார் இந்த மனுசன். ஒரு சதுரம் முழுக்கத் தானே வெட்டித் தைச்சார். மற்றவை பூவும் குருவியும் தைக்க, இவர் தைச்சது சிவப்பு பஸ்.

அந்த பஸ்ஸாலைதான் வினை வந்தது. கண்டவை எல்லாம் ஆவெண்டு நிண்டிச்சினம். ஒன்ராறியோவிலையிருந்து வந்த விருந்தாளியள் படம் எடுத்துக்கொண்டு போச்சினம். மேல்வீட்டுப் பிரஷாந்தினிகூட, "அன்ரி, அங்கிளுக்கு என்ன கை, என்ன கை" எண்டு ரண்டு தரம் சொன்னவள். அதுக்குப் பிறகு பாருங்கோ. முறுக்குக் கடிச்சவருக்குப் பல்லு உடைஞ்சுது. கார் நிப்பாட்டிற இடத்திலை ஐசிலை சறுக்கி விழுந்தார். விழுந்தவர் நொண்டிக்கொண்டு வந்து சோபாவிலை இருந்தார், மூக்குக்கண்ணாடி அதிலை கிடந்தது. எல்லாம் பத்து நாளுக்குள்ளை.

இப்ப கேளுங்கோ. புதன்கிழமை இவர் பல்லுக் கட்டப் போனவர். வியாழக்கிழமை விடிய தையல் பொம்பிளையளுக்குக் கதவு திறந்து விடப் போனா, பேஸ்மென்ற் மேசையிலை விரிச்சுக் கிடந்த போர்வையைக் காணேல்லை. ஏலத்துக்கு இன்னும் ஒன்பது நாள். கதவு உடைக்கேல்லை. ஒரு யன்னல் கொஞ்சம் திறந்து கிடந்தது, ஆனா அந்த இடைவெளியாலை பூனை வரலாம், போர்வை போகாது. பூட்டுத் திறப்பு ரண்டே ரண்டு. ஒண்டு போதகரிட்டை, அவர் மனிற்றோபாவிலை மகளைப் பாக்கப் போட்டார். மற்றது எங்கட வீட்டுக் குசினி ஆணியிலை.

இவருக்கு உயிர் வந்தமாதிரி இருந்தது. முப்பது வருசத்துக்குப் பிறகு ஒரு விசாரணை. கொப்பி ஒண்டை எடுத்துக்கொண்டு ஒவ்வொருத்தரா இருத்திக் கேட்டார். ஆனா மெனோனைற் சனத்தை விசாரிக்கிறது சும்மா வேலை இல்லை. ஒருத்தரும் மற்றவரைக் குற்றம் சொல்லமாட்டினம், எல்லாரும் தங்களைத்தான் சொல்லுவினம். அகத்தா, தான் போர்வையை நினைச்சுப் பெருமைப்பட்டதாலைதான் அது போட்டுது எண்டா. இன்னொரு மனுசி, போன மாசம் ஊசிப்பெட்டியை விழுத்திப்போட்டுச் சொல்லாமல் விட்டனான் எண்டு அழுதா. ரூடி கிளாசன் எண்ட கிழவர், தான் தொண்ணூற்றெட்டாம் ஆண்டு சபையின்ரை ஏணியை இரவல் கொண்டுபோனது இன்னும் குடுக்கேல்லை எண்டு ஒப்புக்கொண்டார். பின்னேரம் வீட்டை வந்தவர், "ஐஞ்சு பேர் குற்றத்தை ஒத்துக்கொண்டிட்டினம், ஒண்டும் உதவாது" எண்டு கொப்பியைத் தூக்கி எறிஞ்சார். ஏணியை மட்டும் எழுதி வைச்சிருந்தார்.

வெள்ளிக்கிழமை பொழுதுபடேக்கை கதவு தட்டுப்பட்டுது. அகத்தாவும் ரூடியும் நிண்டினம், கையிலை நூடில்ஸும் சீஸும் போட்டு அவிச்ச ஒரு பெரிய தட்டு. தட்டிலை "பென்னர்" எண்டு பேர் எழுதி ஒட்டின ஒரு துண்டு. வந்து இருந்து, தேத்தண்ணி குடிச்சு, குளிரைப் பற்றிக் கதைச்சு, கடைசியா அகத்தா இவற்றை கையைப் பிடிச்சா.

"பெரி, நாங்கள் ஒண்டும் கேக்கமாட்டம். எங்களுக்கு வேண்டியது நீர்தான், போர்வை இல்லை. எல்லாரும் சேர்ந்து மன்னிச்சிட்டம்."

இவருக்கு முதல்லை விளங்கேல்லை. எனக்கு உடனை விளங்கிட்டுது. திறப்பு இவரிட்டை, கதவு உடைக்கேல்லை, அப்ப எடுத்தது ஆர்? அதை ஒருத்தரும் வாயாலை சொல்லேல்லை. நேரை மன்னிப்புக்கு வந்திட்டினம்.

அவை படியிறங்கினதுதான் தாமதம், இவர் ஆடத் தொடங்கிட்டார். கள்ளன் எண்டு சொல்லியிருந்தாலாவது சண்டை பிடிச்சிருக்கலாமாம். சாட்சியைக் கொண்டா எண்டு கேட்டிருக்கலாமாம். மன்னிச்சவனோடை என்னெண்டு சண்டை பிடிக்கிறது? "ஒரு சத ரிக்கற்றுக்குக் கூட நான் வாயாலை பொய் சொன்னதில்லை, எனக்கு மன்னிப்போ?" எண்டு கேட்டார். வாழ்க்கையிலை இவருக்கு வேறை என்ன கிடக்கு சொல்லுங்கோ. காணி போச்சு, வீடு போச்சு, முதுகு போச்சு. பிழை செய்யாத ஆள் எண்ட பேர் ஒண்டுதான் மிச்சம். கள்ளனைப் பிடிச்சு அந்த மேசையிலையே கொண்டுபோய் நிப்பாட்டாமல் விடமாட்டன் எண்டார். குசினி ஆணியிலை கிடந்த திறப்பை எடுத்து இடுப்பிலை கட்டினார். நான் அந்த நூடில்ஸைச் சூடாக்கிக் கோப்பையிலை போட்டுக் குடுத்தன்.

இனி ஒளிச்சுப் பிரயோசனம் இல்லை. போர்வையை எடுத்தது நான்.

பல்லும் காலும் கண்ணாடியும் போனா ஒரு பொம்பிளை என்ன நினைப்பாள்? நாவூறு, சனத்தின்ரை கண் பட்டது. வேறை என்ன? அவருக்கு மிளகாய் சுத்திக் கழிக்கப் போனா, "உந்த விசர் வேலையை விடும்" எண்டு எழும்பிப் போடுவார். சரி, ஆளுக்குக் கழிக்கேலாட்டி அவற்றை கைபட்ட பஸ்ஸுக்குக் கழிப்பம் எண்டு, புதன்கிழமை அவர் பல்லுக்குப் போன நேரம் ஆணியிலை கிடந்த திறப்பை எடுத்துக்கொண்டு போனன். செத்தல் மிளகாய், கல்லுப்பு, கடுகு எல்லாம் ஒரு பேப்பரிலை. எட்டடிப் போர்வையை என்னெண்டு சுத்திறது? கையைச் சுத்தாமல் நான் மேசையைச் சுத்தினன், மூண்டு தரம். பேந்து அங்கையே குசினி அடுப்பிலை ஒரு சட்டியை வைச்சு எல்லாத்தையும் போட்டன்.

நாவூறு இருந்தா மிளகாய் எரிய இருமல் வராது எண்டு சொல்லுறவை. எனக்கு வந்த இருமலிலை ஈரல் வெளியிலை வரப் பாத்துது. அப்ப நாவூறே இல்லை. அது பெரிய சந்தோசம்தான், ஆனா அந்தப் புகை முழுக்க நேரை போய்ப் போர்வைக்குள்ளை ஏறிட்டுது. மூக்கை வைச்சா மீன் குழம்பு தாளிச்சமாதிரி மணம். உதை ஆர் ஏலத்திலை எடுப்பினம்? யன்னலைத் திறந்து விட்டிட்டுப் பிரஷாந்தினிக்குப் போன் அடிச்சன். அவள் கார் கொண்டுவந்தாள். அவளின்ரை குளியல் தொட்டியிலை போட்டுத் துவைச்சம். அண்டைக்கு இரவே காயவைச்சுக் கொண்டுபோய் விரிச்சுப்போட்டு வாறது எண்டுதான் நினைச்சது. உள்ளுக்குப் பஞ்சு வைச்ச போர்வை மூண்டு நாளைக்குக் காயாது எண்டு எனக்கு ஆர் சொன்னது? காஞ்சாலும் என்னெண்டு கொண்டுபோறது? கள்ளனைப் பிடிக்கிற மனுசன் திறப்பைக் கட்டிக்கொண்டு படுக்கிறார். சொல்லுவம் எண்டு பத்துத் தரம் வாய் திறந்தன். மாமனாருக்கே முழுப்பேர் கேட்ட மனுசன் எண்டு நினைச்சுப் பத்துத் தரமும் மூடினன்.

சனிக்கிழமை காலமை இவர் அகத்தாவையும் வரச்சொல்லித் தடயம் தேடப் போனார். நானும் பின்னாலை போனன், என்னத்தை விட்டிட்டு வந்தனோ எண்ட பயத்திலை. இவர் முழங்காலிலை இருந்து, உடைஞ்ச கண்ணாடியின்ரை ஒரு பக்கத்தைக் கையிலை பிடிச்சுக்கொண்டு, மேசையைச் சுத்தி ஊந்தார். நான் வாசலிலை நிண்டன். ஒரு இடத்திலை நிண்டு எதையோ விரலாலை ஒத்தி எடுத்தார். அகத்தா குனிஞ்சு பாத்து, தக்காளி விதையோ எண்டு கேட்டா. இவர் கனநேரம் அதையே பாத்துக்கொண்டிருந்தார். பேந்து கடித உறையொண்டிலை போட்டு நக்கி ஒட்டி, கோட்டுப் பொக்கற்றுக்குள்ளை வைச்சார். "குப்பை" எண்டார். "காணும், போவம்."

வீட்டை வந்தம். சாப்பிட்டு முடிய அவர் இடுப்பிலையிருந்த திறப்பைக் கழட்டி ஆணியிலை கொழுவினார். "இஞ்சரும், நான் ரண்டு மணிக்கு வெளிக்கிடுறன். நாலு மணிக்கு முன்னம் வரமாட்டன்" எண்டார். சப்பாத்தை மாட்டேக்கை, "நாலு மணி" எண்டு இன்னொருக்காச் சொன்னார். திறப்பு ஆணியிலை கிடக்கு எண்டும் சொன்னார், நான் கேக்கவே இல்லை. முருகா, நீ இருக்கிறாய் எண்டு நினைச்சுக்கொண்டு நான் மேல்வீட்டுக்கு ஓடினன். மூண்டேகாலுக்குப் போர்வை மேசையிலை. மூண்டரைக்கு நான் வீட்டிலை வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தன்.

ஞாயிற்றுக்கிழமை அவை நாலு குரலாப் பிரிஞ்சு சேர்ந்து பாடி முடிய, ஆரும் எழும்பி மனசிலை உள்ளதைச் சொல்லுற நேரம் வந்தது. அகத்தா எழும்பி, போர்வை திரும்பி வந்திட்டுது, சவுக்கார மணத்தோடை வந்திருக்கு, ஒருத்தரும் ஒண்டும் கேக்கத் தேவையில்லை எண்டா. இருபத்திரண்டு பேரும் இவரைத் திரும்பிப் பாத்திச்சினம். ஒரு கள்ளனை இவ்வளவு அன்பாய்ப் பாத்ததை நான் என்ரை சீவியத்திலை காணேல்லை. இவர் எழும்பினார். இப்ப வெடிக்கப்போகுது, மேசை கதிரை பறக்கப்போகுது எண்டு நான் கண்ணை மூடினன்.

"நீங்கள் மன்னிச்சதுக்கு நன்றி" எண்டார். இருந்திட்டார்.

ரிக்கற் இல்லாட்டிக் கடவுளையும் இறக்கி விடுற மனுசன், செய்யாத களவைத் தலையிலை தூக்கி வைச்சுக்கொண்டு கதிரையிலை இருக்கிறார். கண்ணாலையும் மூக்காலையும் தண்ணி வந்திட்டுது. பக்கத்திலை கிடந்த அவற்றை கோட்டுக்குள்ளை ரிஷ்யூ இருக்கும் எண்டு கையை விட்டன். வந்தது அந்தக் கடித உறை. முன்பக்கத்திலை அவற்றை செக்கர் எழுத்து, ஒவ்வொண்டும் கோட்டிலை நிண்டமாதிரி:

சனிக்கிழமை, 10.20. மேசைக்குக் கீழ். செத்தல் மிளகாய் விதை 6, கல்லுப்பு 4, கடுகு 1. விசாரணை முடிந்தது.

அகத்தாவுக்கு அது தக்காளி விதை. பருத்தித்துறையிலை பிறந்தவருக்கு அது முழுக் கதை. ஆர் செய்தது, ஏன் செய்தது, ஆருக்காகச் செய்தது எண்டு அந்த இடத்திலையே தெரிஞ்சிட்டுது. ரண்டு மணியும் நாலு மணியும் ஆணியும் திறப்பும் எல்லாம் ஒண்டா வந்து என்ரை மண்டையிலை விழுந்தது. அதுக்குமேலை இருக்கேலாது. எழும்பிட்டன்.

எனக்குத் தெரிஞ்ச இங்கிலீசையும் பிரெஞ்சையும் தமிழையும் ஒரு சட்டியிலை போட்டுக் கிளறினன். பெரி எடுக்கேல்லை, நான்தான் எண்டது எல்லாருக்கும் விளங்கிச்சுது. ஏன் எடுத்தனான் எண்டதுதான் விளங்கேல்லை. சனத்தின்ரை கண்ணாலை பல்லு உடையும் எண்டதை இங்கிலீசிலை என்னெண்டு சொல்லுறது? கடைசியா அகத்தாவை நடுவிலை நிப்பாட்டி, மூண்டு தரம் சுத்தி ஓடிக் காட்டி, பேந்து இருமியும் காட்டினன். சபை அப்பிடியே வாயைத் திறந்துகொண்டு இருந்தது.

அகத்தா யோசிச்சா. பேந்து சொன்னா, போர்வையிலை பென்சிலாலை கீறின கோடெல்லாம் போகவேணும் எண்டு ஏலத்துக்கு முதல் துவைக்கிறது அவையின்ரை வழக்கமாம். வியாழக்கிழமை அவை வந்ததே அதுக்குத்தானாம். இவ்வளவு பாரத்தை ஆர் பிழியிறது எண்டு எல்லாரும் பயந்துகொண்டு வந்தவையாம். முதல்லை எனக்கு மன்னிப்பு. அதோடை முடிஞ்சுதோ? செய்யாத ஆளைச் சந்தேகப்பட்டிட்டம் எண்டு இருபத்திரண்டு பேரும் வரிசையா வந்து இவரிட்டை மன்னிப்புக் கேட்டிச்சினம். இவர் ஒவ்வொருத்தரின்ரை கையையும் பிடிச்சு, தலையாட்டி, அடுத்த ஆளை வரவிட்டார், பஸ்ஸிலை ஆக்களை ஏத்திறமாதிரி. ரூடி வர, "ஏணி?" எண்டு கேட்டார். மத்தியானச் சாப்பாடு ஒரு மணித்தியாலம் பிந்திச்சுது.

பின்னேரம் பஸ் தரிப்பிலை நாங்கள் ரண்டு பேரும்தான் நிண்டம். காத்து முகத்திலை அடிச்சுது. எனக்குக் கேக்காமல் இருக்கேலாமல் போச்சு.

"தெரிஞ்சுகொண்டு ஏனப்பா சொல்லேல்லை? கள்ளன் எண்டெல்லே உங்களை நினைச்சவை."

அவர் பஸ் வருதோ எண்டு றோட்டை எட்டிப் பாத்தார்.

"உங்கட வீட்டிலை ஒரு ஆளுக்குத் தண்டம் எழுதி முப்பத்தாறு வருசம் பேச்சுக் கேட்டுப்போட்டன்" எண்டார். "இனி உமக்கும் எழுதினா, மிச்சக் காலம் ஆர் என்னோடை கதைக்கிறது?"

பஸ் வந்தது, கண்ணெல்லாம் மங்கலாக் கிடக்க நான் ஏறி நேரை போய் இருந்திட்டன். அவர் பின்னாலை ஏறி, தன்ரை பஸ் காசு அட்டையை மெசினிலை தட்டி, சனத்தின்ரை முகத்தை வரிசையாப் பாத்துக்கொண்டு வந்தவர், என்னிலை வந்து நிண்டார்.

"நீர் தட்டேல்லை" எண்டார்.

நான் எழும்பிப் போய் அட்டையைத் தட்டிப்போட்டு வந்து அவருக்குப் பக்கத்திலை இருந்தன்.